புராஸ்டேட் ஒற்றுமைத் தீர்மானம்

ஒரு சமுதாயம் முன்னேறிவிட்டதா என்பதை, அதன் கிழவர்கள் எல்லாரும் ஒரே மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றுக்குப் போகிறார்களா என்பதை வைத்தே சொல்லிவிடலாம். அந்த வகையில் எகிப்தின் தந்தா நகர ஓய்வுபெற்ற தபால் ஊழியர் நலச் சங்கம் உலகத்துக்கே வழிகாட்டி.

சங்கத் தலைவர் சப்ரி பே ('பே' அங்கே 'ஐயா' மாதிரி), உறுப்பினர்களின் பழைய புராஸ்டேட் மாத்திரையை ஒழித்துவிட்டு, மலிவாகக் கிடைத்த புதியதைக் கொண்டுவந்தார். 'மாற்றம்' படிப்படியாக வரவே கூடாது என்பது அவர் கொள்கை. ஞாயிறு காலை பொதுக்குழுவில், அவர் கண்ணெதிரே, எல்லாரும் முழு அளவு விழுங்க வேண்டும். அதன்பிறகு, ஜனநாயக முறைப்படி, மாத்திரையை மாற்றலாமா என்று ஓட்டெடுப்பு.

உறுப்பினர் ஹில்மியை மருந்துக்கடை இனாஸ் ஏற்கனவே எச்சரித்திருந்தாள்.

"மாமா, பழசும் புதுசும் ஒண்ணா உள்ள இருந்தா பிரஷர் சடார்னு இறங்கிடும். பழசை நிறுத்திட்டு, புதுசைச் சின்ன அளவுல, படுக்கப் போறப்போ ஆரம்பிக்கணும். அப்புறம்தான் டாக்டரைக் கேட்டுக் கூட்டணும். எந்திரிக்கிறப்போ மெதுவா. இடுப்பு ஒடஞ்சது மறந்துபோச்சா?"

ஞாயிறன்று செயலாளர் முனீர், ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நாக்கைத் தூக்குங்க."

"நேத்து ராத்திரிதான்யா பழசு போட்டேன்."

"நாடே மாறுது. உங்க மூத்திரப்பைக்கு மட்டும் என்ன பிடிவாதம்?"

ஹில்மி விழுங்கினார்.

பிறகு சப்ரி பே மாற்றத்தின் மகிமை பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். மருந்துக்கு அது தாராளமாகப் போதும். ஹில்மியின் கண்ணுக்குத் தலைவர் மூன்று பேராகத் தெரிந்தார். ஒருவரே அதிகம்.

பக்கத்தில் நண்பர் லுத்ஃபி பொருமிக்கொண்டிருந்தார். "ஓட்டு வரட்டும். துள்ளி எந்திரிச்சு எதிர்க்கிறேன் பாரு."

"துள்ளாதேடா கழுதை! நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எந்திரி. மூணு பேரு எதிர்த்து நின்னா போதும், விதிப்படி தீர்மானம் செத்துச்சு."

"மூணு என்ன, பாதிக் கூட்டம் கடுப்புலதான் இருக்கு."

சப்ரி பே, ஜனநாயகம் கனிந்த குரலில் அறிவித்தார்: "தீர்மானத்தை எதிர்க்கிறவங்க தாராளமா எந்திரிச்சு நிக்கலாம்."

லுத்ஃபி துள்ளினார். வெளுத்தார். சரிந்தார். முன்வரிசையில் வீராவேசமாக எழுந்த இருவர் ஒருவர்மேல் ஒருவர் மடங்கினார்கள். பின்வரிசைகள் மாவு மூட்டைகளாகச் சாய்ந்தன. இனாஸ் சொன்னபடி அங்குலம் அங்குலமாக எழுந்துகொண்டிருந்த ஹில்மி, நாற்காலியை விட்டுவிட்டு நண்பனின் தலையைத் தாங்கப் பாய்ந்தார். தலை தப்பியது. ஹில்மியின் இடுப்பு தப்பவில்லை.

தரையிலிருந்து கையைத் தூக்கினார். "நான்... எதிர்க்கிறேன்."

"அதை நின்னுக்கிட்டுச் சொல்லணும்" என்றார் முனீர், விதிப்படி.

சப்ரி பே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எதிர்த்து நிக்கிறது எத்தனை பேரு?"

"ஒருத்தருமில்லை, பே. விழுந்து கிடக்கிறதுதான் நிறைய."

"அவங்களை ஆதரவுல சேத்துக்கோ."