சிவப்பு வண்டியின் மூச்சு குறித்து மாப்பிள்ளைக்கு

மாட்டுங்கா,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை நகுலுக்கு மாமனார் அனந்தகிருஷ்ணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் ராஜலக்ஷ்மியும் சௌக்கியம். வண்டி சௌக்கியமில்லை.

இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. முதலில் ஸ்டாக்ஹோம் குளிரைப் பற்றி விசாரிப்பதாகத்தான் இருந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் உடனே "நோ பிராப்ளம் அப்பா" என்று சொல்லிவிடுவீர்கள்; அதற்கப்புறம் எனக்குப் பிராப்ளத்தைச் சொல்ல வாய் வராது. உங்களுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க நேரமாகும் என்பதால் ஸ்ரீலேகாவை வாசித்துக்காட்டச் சொல்லவும். லேகா, வால்வு வருகிற இடங்களைத் தாண்டிப் போகாதே. சிரிப்பதானால் பத்தி முடிந்ததும் சிரி.

நீங்கள் விமான நிலையத்தில் சாவியை என் கையில் வைத்து, "ஐரோலில என் ஃப்ரெண்ட் வெங்கடேஸ்வரன் வண்டியைக் கேட்டுண்டே இருந்தான்ப்பா, நான்தான் குடுக்கலை. நீங்கதான் கரெக்டா பாத்துப்பேள்" என்று சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவரை மற்றவர்களுடைய கார்கள் எல்லாம் இடித்த பிறகுதான் என்னிடம் வந்தன. இடிக்காத கார் ஒன்று என் பொறுப்பில் வந்தது இதுவே முதல். அதனால் நீங்கள் சொன்னபடி ஞாயிறுதோறும் உறையைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, கிங்ஸ் சர்க்கிள் வரை ஒரு சுற்று போய்வந்து, மறுபடி உறையைப் போட்டுவந்தேன். முதல் ஞாயிறு மட்டும் முன்பக்க மூடியைத் திறந்தபோது உள்ளே இன்ஜின் இல்லை, ஒரு டயர்தான் இருந்தது. யாரோ இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்தய வண்டி ஜாதியில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் படித்த பிறகுதான் எழுந்தேன். போலீசுக்குப் போகவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சிறப்பாகவே செய்தேன். மாலை, எலுமிச்சம்பழம், முன்கண்ணாடியில் பொட்டு என்று நான் முடித்துக்கொள்ளப் பார்த்தேன். ராஜலக்ஷ்மி, "என்னன்னா, மாப்பிள்ளை வண்டி, வாசலோட நிறுத்திட்டேளே. உள்ள வேலை செய்யறதுக்கெல்லாம் வேண்டாமா?" என்றாள். நியாயமாகப் பட்டது. பின்மூடியைத் திறந்து, எதையும் விட்டுவிடக் கூடாது என்று இடமிருந்து வலமாக ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஒரு கறுப்பு டப்பாவின் பக்கத்தில் சின்னக் குழாய் வாய் ஒன்று விரல் அளவுக்கு அழகான வட்டமாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். இதெல்லாம் நான் வண்டியை எவ்வளவு மரியாதையாக நடத்தினேன் என்பதற்காகச் சொல்வது. நடந்த கோளாறுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கோளாறு அடுத்த ஞாயிறு ஆரம்பித்தது. வேகமானிக்குக் கீழே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எனக்கு அது சின்ன ஹெலிகாப்டர் போலத் தெரிந்தது. புத்தகத்தில் அது இன்ஜினின் படமாம். சரி, பெட்ரோல் குறைவாக இருக்கும் என்று பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். மூடியைத் திருகியதும் வண்டி "ஹா" என்று மூச்சை உள்ளே இழுத்தது. நான் "ஸாரி" என்று சொல்லிவிட்டேன். பையன் பெட்ரோல் போட ஆரம்பித்தால் அந்தக் குழாய்த் துப்பாக்கி டக் டக்கென்று தானாக நின்றுவிடுகிறது. அவன், "அங்கிள், காடி கா உப்வாஸ் ஹை கியா?" என்று கேட்டான். வண்டி விரதம் இருக்கிறதாம். பின்னால் நின்ற டாக்சிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடிக்க, நான் அரை டேங்க்கூட நிரப்பாமல் எல்லாரையும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து படிக்கிறேன், மாப்பிள்ளை. தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்தவும். இந்த வண்டியில் புகையைக் கட்டுப்படுத்தவே மூன்று வால்வுகள் இருக்கின்றன. முதலாவது, வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுவது. இது எதற்கு என்று எனக்கு இரண்டு நாள் விளங்கவில்லை. பிறகு நம் மெஸ்ஸில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. சாப்பிட்டு முடித்த நாலு பேரையே மறுபடி இலையில் உட்கார வைத்தால் அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள், இடத்தை மட்டும் அடைப்பார்கள், சமையலறையில் அனல் தணியும். அனல் தணிந்தால் அந்த நைட்ரஜன் விஷவாயு குறையும். இரண்டாவது வால்வு, பிஸ்டனின் ஓரமாகக் கீழே நழுவிப்போகிற ஆவியைப் பிடித்து மேலே அனுப்புவது. கல்யாணத்தில் மொய் எழுதாமல் நழுவுகிறவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வருகிற மாமா போல. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டி சும்மா நிற்கும்போது பெட்ரோல் ஆவியை ஒரு டப்பாவில் உள்ள கரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. வண்டி ஓட ஆரம்பித்ததும் வால்வு திறந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்கு விடுகிறது. ராஜலக்ஷ்மியும் நான் தூங்கும்போது எல்லாவற்றையும் மனதில் சேர்த்து வைத்துக்கொண்டு, நான் காபி குடித்து நடமாட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக விடுவாள். அந்தக் கரிக்கு வெளிக்காற்று வர ஒரு வழியும் உண்டாம். அது எங்கே என்று படத்தில் தெளிவாக இல்லாததால் விட்டுவிட்டேன்.

ஆராய்ச்சியில் குற்றவாளி முதல் வால்வுதான் என்று முடிவு செய்தேன். புகைக்கரி அடைத்துக்கொண்டு அதுதான் அடிக்கடி மக்கர் பண்ணுமாம். இதை உறுதி செய்துகொள்ளத் தாராவியில் பட்டறை வைத்திருக்கிற பூதத்தானிடம் வண்டியைக் கொண்டுபோனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். பார்த்த உடனே, "இந்த வால்வெல்லாம் சும்மா காலிபீலி வச்சிருக்கான் சார். ஒரு தகடு வெட்டி அடைச்சிப் போட்டுருதேன். வண்டி ராக்கெட்டு கணக்கா போவும்" என்றார். புகை அதிகமாகாதா என்று கேட்டேன். "புகை பின்னாலதான போவுது? நீங்க முன்னால பாத்து ஓட்டுவியளா, பின்னால பாத்து ஓட்டுவியளா?" என்றார். அவர் தகடும் கத்தரியும் எடுத்துவிட்டார். நான் "வேண்டாம்" என்று சொன்னேன். நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றுவிட்டது. பூதத்தான் என்னை மேலும் கீழும் பார்த்து, "சரி சரி, கோவப்படாதிய. ஒரு டீ குடிங்க" என்றார். குடித்தேன். மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஆனால் வண்டியை அடைக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆகவே இரண்டு விஷயங்கள். ஒன்று, தலை தீபாவளிக்கு நீங்கள் இருவரும் வரும்போது பெட்டியில் அந்த முதல் வால்வு ஒன்று வாங்கி வரவும். சாக்லேட் வேண்டாம், அந்த இடத்தில் வால்வை வைக்கவும். இரண்டாவது எழுதக் கை வரவில்லை. சாவியை நீங்கள் வெங்கடேஸ்வரனிடமே கொடுத்துவிடுவது நல்லது. அவருக்கு வண்டிகள் தெரியும். எனக்குப் புத்தகம்தான் தெரிகிறது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற நாளில், அவர் கொடுத்த சாவியையே திருப்பிக் கொடுக்கிற மாமனார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இருவரும் கம்பளியைக் கழற்றாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நூறாண்டு இருக்க வேண்டும். ராஜலக்ஷ்மியின் ஆசியும் இதில் அடக்கம்.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிட்ட
அனந்தகிருஷ்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சுத்தப்பிரதி எடுக்கச் சில நாள் ஆகிவிட்டது. அதற்குள் ராஜலக்ஷ்மி தீபாவளிக்கு வண்டியைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணியோடு வந்து, பின்மூடியையும் திறக்கச் சொன்னாள். "என்னன்னா இது, இந்த ஓட்டைக்குள்ள உங்க பொட்டு காஞ்சு கல்லா உக்காந்துண்டிருக்கே" என்று ஹேர்பின்னால் நோண்டி எடுத்தாள். சந்தனக்கட்டி, நடுவில் குங்குமம், மேலே என் விரல்ரேகை. கரி டப்பா மூச்சு இழுக்கிற வழி அதுதான். பூதத்தான் தகடு வைத்து அடைக்கப் பார்த்தார் என்று அவ்வளவு சத்தம் போட்டேன். நான் சந்தனம் வைத்தே அடைத்திருக்கிறேன். இப்போது பெட்ரோல் தடையில்லாமல் இறங்குகிறது. எனவே வால்வு வேண்டாம், சாக்லேட்டே வாங்கி வரவும். மஞ்சள் விளக்கு மட்டும் உடனே அணையவில்லை. சில நாள் ஓட்டினால்தான் அணையும் என்று புத்தகம் சொன்னதால் தினமும் சாயங்காலம் ஃபைவ் கார்டன்ஸ் வரை போகிறோம். தரையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கிறது என்று இத்தனை நாள் ஏற மறுத்தவள், இப்போது தலையில் பூ வைத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே தயாராக நிற்கிறாள். "இன்னும் அணையலையா? அப்போ நாளைக்கும் போகணுமே" என்கிறாள். விளக்கு செவ்வாய்க்கிழமையே அணைந்துவிட்டது. நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாள். சாவியைப் பற்றி எழுதியதை வாசிக்காததாக வைத்துக்கொள்ள முடியுமா, மாப்பிள்ளை? லேகா, அம்மாவிடம் உளறிவிடாதே.