காலாட்டியின் அதிர்வெண்

காலாட்டி என்றொரு இனம் உண்டு, உங்களுக்குத் தெரியாமலிருக்காது. உட்கார்ந்த மறுகணம் இவருடைய வலது பாதம் மட்டும் தனியாகப் புறப்பட்டுவிடும். பஸ்ஸில் ஆட்டுவார், துக்க வீட்டில் ஆட்டுவார், சலூன் நாற்காலியில் ஆட்டி ஒரு பக்க மீசையைப் பறிகொடுத்துவிட்டு, அந்த வருத்தத்தில் இடது காலையும் ஆட்டுவார். கேட்டால், "நானா? எப்ப?" என்பார். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான், எண்ணியே பார்த்திருக்கிறேன். நொடிக்கு ஐந்து. கோபம் வந்தால் வீச்சு கூடும், செருப்பு கழன்று பறக்கும். அதிர்வெண் மட்டும் அதே ஐந்துதான். என்ன ஒழுக்கம்!

என் பக்கத்து வீட்டு நஸ்ருதீன் இந்த இனத்தின் திலகம். ஷார்ஜாவில் வேலை கிடைத்துவிட்டது. மெடிக்கல் செக்கப்பில் டாக்டர் 'ஃபிட்' என்று கையெழுத்துப் போட்டால் போதும். நாங்கள் கிளினிக்குக்குப் போன அன்றுதான் அதற்குக் கடைசி நாள். அவன் மனைவி கமர் நிஷா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸ் இளவேனில் தாளைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய அன்று எங்கள் கிளிஞ்சல்மேட்டுக் கடல் இருக்குமே, அப்படி இருந்தது தாள்.

"அண்ணே, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லியே, நல்லாத்தானே இருக்கேன்."

"தாளைப் பாக்காதம்மா, காலைப் பாரு" என்றேன்.

"கால ஆட்டுனா வீட்டுல செல்வம், பரக்கத்து எல்லாம் போயிடும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே மச்சான்! இப்ப ஷார்ஜாவே போவப்போவுது!" என்று கமர் நிஷா அவன் வலது காலைப் பிடித்தாள். இடது கால் ஆடியது. அதை நான் பிடித்தேன். கட்டைவிரல் ஆடியது. கடைசியில் பிஸ்மி சொல்லிவிட்டு, அவன் இரண்டு முழங்கால்மீதும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும், ஆட்டம்தான் ஊர் தாண்டிப் போகும் என்று வருஷா வருஷம் அலையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நஸ்ருதீனின் ஆட்டம் நின்றது. கமர் நிஷாவின் தோள் ஆடியது. கட்டில் ஆடியது, அதில் கை ஊன்றியிருந்த இளவேனில் ஆடினாள், அடுத்த அறையில் டாக்டர் மேஜைமேல் டீ ததும்பியது. தாளில் மட்டும் சமர்த்தான, சாதுவான ஓர் இதயம்!

டாக்டர் பார்த்தார். "ஃபிட்" என்றார். கையெழுத்துப் போட்டார். வாங்கிப் பார்த்தால் எழுத்தே இல்லை, வரிசையாக ஐந்து அலைகள். மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன். டாக்டரின் ஷூ ஆடிக்கொண்டிருந்தது.

விசா ஏஜென்ட் அல்லா பிச்சையின் ஆபீசுக்கு ஓடினோம். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார்.

"இது கையெழுத்தா, ஈ.சி.ஜி.யா?"

நஸ்ருதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன ஆகும்? ஆடத் தொடங்கினான். அப்போது எதிரே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் கிறீச்சிட்டது. கிறீச், கிறீச். நொடிக்கு ஐந்து! ஒரே அதிர்வெண் இரண்டு சேர்ந்தால் பாலமே இடிந்துவிழும் என்று படித்தவன், சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். கையிலிருந்த தாளும் கண்ணும் ஒன்றாக ஆட ஆட, அல்லா பிச்சையின் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"நல்லாத்தான் படிக்க முடியுது தம்பி" என்று முத்திரையைக் குத்தினார்.

நஸ்ருதீன் விமானம் ஏறிவிட்டான். அவன் பக்கத்து இருக்கைக்காரருக்காகத்தான் கவலைப்படுகிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படிக்கும்போது எழுத்தெல்லாம் ஏன் உங்களுக்கு இப்படி மேலும் கீழும் போகிறது? கொஞ்சம் குனிந்து பாருங்களேன்.

"நானா? எப்ப?" என்றுதானே கேட்கிறீர்கள்?