இடது மூலைப் பொத்தான்

அந்தத் திங்கட்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைக்காமலேயே ஸ்டோர்க்காரர் ஒரு முடிவுக்கு வந்தார்: இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியைச் சும்மா விடுவதில்லை.

ஸ்டோர்க்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கை முப்பத்தொரு வருடம் கட்டி ஆண்டவர். எல்லாம் அகரவரிசை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் கேட்ட மருந்து கையில் இருக்கும். ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தபோது இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். அந்த இரண்டு நாளில் புது நிர்வாகி அலமாரிகளை எல்லாம் இடம் மாற்றிவிட்டார். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தவர், தன் கிடங்கில் பஞ்சு எங்கே இருக்கிறது என்று ஒரு நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதுவும் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது.

இப்போது கம்ப்யூட்டரும் அதையே செய்திருந்தது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு விழித்திருந்தது. நேற்றுவரை இடது மூலையில் இருந்த மெனு பொத்தான், கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி நட்ட நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, அது ஒரு பொத்தான். நாலு விரல் தள்ளி உக்காந்திருக்கு. அவ்வளவுதானே?" என்றாள் மனைவி.

"இன்னைக்குப் பொத்தான். நாளைக்கு?"

"நாளைக்கு எனக்குக் கம்ப்யூட்டர் வேணும். இருநூறு பக்கம் பாக்கி."

அவள் மொழிபெயர்ப்பாளர். தலையணை கனத்தில் ஒரு நாவல். ஆறு வாரத்தில் பதிப்பகத்துக்குத் தந்தாக வேண்டும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அவளுக்கு வாக்கியம் கூடிவருவது காலையில் மட்டும்தான். அந்தக் காலையில் அவள் அடுப்பின் முன் நின்றாள். அவர் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்தார். அவள் நாவலை இரவல் நேரத்தில், வாக்கியம் வற்றிப்போன மாலைகளில் தட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி ஒரு கருத்துப் பக்கம் திறந்து வைத்திருந்தது. யாரும் எழுதலாம், பிடித்த கருத்துக்கு ஓட்டுப் போடலாம். ஸ்டோர்க்காரர் மூன்று வாரத்தில் பதினான்கு கருத்து எழுதினார். பதினான்காவது, மூன்று பக்கம். 'கைக்குப் பழகிய இடம் என்பது மனிதனின் பாதி அறிவு' என்று தொடங்கியது.

மற்றவர்கள் எழுதியதையும் விடாமல் படித்து, அடுக்களைக்குக் கேட்கும்படி கத்துவார்.

"இங்க பாரு, ஒருத்தன் எழுதியிருக்கான். 'நான் இடதுகைக்காரன், நாற்பது வருஷம் கழிச்சு எனக்கு நியாயம் கிடைச்சிருக்கு'ன்னு. நடுவுல வெச்சா இவனுக்கு என்ன நியாயம்?"

"பாவம், சந்தோஷப்பட்டுட்டுப் போறான்."

"இன்னொருத்தி, 'என் கண்ணாடிக்கு இதான் வசதி'ன்னு. அவளுக்கு நானூறு ஓட்டு!"

"உங்களுக்கு?"

நாற்காலி கிரீச்சிட்டது.

"ரெண்டு."

"ஒண்ணு நீங்க போட்டதா?"

"எல்லாரும்தான் போட்டுக்கறாங்க."

கம்பெனியிடமிருந்து ஒரு பதில் வந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.' அதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"இதே வாக்கியத்த முப்பது வருஷமா நானும் கேட்டிருக்கேன். அச்சடிக்கணும்னு தோணலையே எனக்கு," என்றாள் அவள்.

"நீ பேசாதே. நான் அடுக்களையை அகரவரிசைல அடுக்கினேனே, என்ன பண்ணினே? மூணே நாள்ல கலைச்சே. வரிசையோட அருமை இந்த வீட்டுலயே யாருக்கும் தெரியல. கம்பெனிய என்ன சொல்றது!"

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். கம்ப்யூட்டரை ஒரு முறை பார்த்தாள். அவரை ஒரு முறை பார்த்தாள்.

"சரி, ஒரு பந்தயம். இந்த மாசத்துக்குள்ள கம்பெனி உங்க பேச்சக் கேட்டா, நானும் கேக்கறேன். அடுக்களை உங்க வரிசைப்படிதான். ஒரு டப்பாவத் தொட மாட்டேன். கேக்கலேன்னா, நீங்க காலைல அந்த நாற்காலிய விட்டு எழுந்துடணும்."

"எழுதித் தரியா?"

எழுதித் தந்தாள்.

வியாழக்கிழமை காலை பொத்தான் இடது மூலையில் இருந்தது.

அவர் கத்திய கத்தலில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் கதவைத் திறந்து பார்த்தார். அவரிடம், "கம்பெனி என் பேச்சக் கேட்டுடுச்சு!" என்று மட்டும் சொன்னார். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார். பழைய ஆஸ்பத்திரி நண்பர்கள் மூவருக்குச் சொன்னார். அன்று அவர் சவரம் செய்துகொண்டு இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார். போக ஓர் இடமும் இல்லை, இருந்தாலும் அணிந்தார். யாரோ, எங்கோ, ஒரு பெரிய கட்டடத்தில், பதினான்காவது கருத்தை மூன்று பக்கமும் படித்திருக்கிறார்கள். படித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்.

மாலைக்குள் அடுக்களை அகரவரிசைக்கு வந்தது.

"ஏங்க, சர்க்கரை?"

"'ச'. ரெண்டாவது தட்டு."

"சீனின்னு நெனச்சு 'சீ'ல தேடினேன். மிளகுத்தூள் 'மி'யா, 'தூ'வா?"

"மி."

"எண்ணெய்?"

"எலுமிச்சைக்கு முன்னாடி."

"எலுமிச்சை எங்க?"

"எண்ணெய்க்குப் பின்னாடி! தள்ளு, நானே எடுத்துத் தரேன்."

எடுத்துத் தந்தார். மறுநாளும் எடுத்துத் தந்தார். எடுத்துத் தருகிறவன் சட்டியில் போட்டால் என்ன என்று தானே போட்டார். ஒரு வாரத்தில் கிளறினார். அவள் பந்தயத்தில் தோற்ற பெண்ணுக்குரிய பணிவோடு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். காலை முழுவதும் விசைகளின் சத்தம், ஓடு மேல் மழை மாதிரி, நிற்காமல் கேட்டது.

நாவல் முடிய இருபது பக்கம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டர் காலைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். ஸ்டோர்க்காரர் முட்டையைக் கல்லில் ஊற்றிக்கொண்டே பதினான்காவது கருத்தைச் சொல்லத் தொடங்கினார்.

"எனக்கும் இடதுபக்கம்தான் சார் வசதி. முதல் நாளே மாத்திட்டேன்," என்றார் டாக்டர்.

"கம்பெனி மாத்திச்சு."

"இல்ல சார். செட்டிங்ஸ்ல இருக்கே, இடதா நடுவான்னு. ரெண்டு தட்டு தட்டினா போதும். ஆரம்பத்துலேருந்தே இருக்கு."

முட்டை கருகியது.

விசைகளின் சத்தம் நின்றிருந்தது. அவர் கரண்டியோடு அறை வாசலில் போய் நின்றார். அவள் திரும்பவில்லை.

"நீதானா?"

"ரெண்டே தட்டு."

"அப்போ கம்பெனி கேக்கல."

"கேக்கல."

"அப்போ பந்தயத்துல நான் தோத்தேன். அடுக்களை உன்னோடது!" அவர் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. கரண்டியை நீட்டினார்.

"தாராளமா. எல்லாருக்கும் ஒரு போன் போட்டு, யாரும் படிக்கல, என் பொண்டாட்டிதான் மாத்தினான்னு சொல்லிடுங்க. நான் எழுந்துடறேன்."

நீட்டிய கரண்டி மெல்லக் கீழே இறங்கியது. மகளின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. "கலக்கிட்டீங்கப்பா" என்றிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"படிக்கலேன்னும் சொல்ல முடியாது," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "நான் படிச்சேன். மூணு பக்கமும். அந்த ரெண்டாவது ஓட்டு யாரோடதுன்னு நெனச்சீங்க?"

கொஞ்ச நேரம் அவளுடைய நரைத்த பின்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுக்களைக்குத் திரும்பினார். 'மு' தட்டிலிருந்து இன்னும் இரண்டு முட்டை எடுத்தார்.

பாலுக்காக ஃபிரிட்ஜைத் திறக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்ற அச்சுக்குக் கீழே, மனைவியின் கையெழுத்தில், பென்சிலில்: 'பத்து நாளாக உப்பு குறைவு.'

பக்கத்தில் இரண்டு ஓட்டு. ஒன்று பல் டாக்டருடையது.