ஜெசியின் கடைசி ரைடும் காதுள்ள இயந்திரமும்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான பொருள், எங்கள் பாளையங்கோட்டை உள்ளூர் டி.வி.யில் போன மாதம் நிறுவப்பட்ட 'தானியங்கி ஹைலைட்ஸ்' மென்பொருள்தான். இரண்டு மணி நேர ஆட்டத்தைக் கொடுத்தால், சத்தம் எகிறுகிற இடங்களை மட்டும் வெட்டிப் பத்து நிமிடமாக்கித் தரும். ஆட்டத்தைப் பார்க்கவே பார்க்காது. ஆகவே அதற்குப் பாரபட்சம் கிடையாது என்று முதலாளி சொரிமுத்து அண்ணாச்சி திறப்பு விழாவில் விளக்கினார்.

முதல் சோதனை, உள்ளூர் அணியும் சாத்தான்குளம் அணியும் மோதிய மகளிர் கபடி இறுதிப் போட்டி. மென்பொருள் தேர்ந்தெடுத்த 'முக்கியத் தருணங்கள்': பிரமுகர் வருகைக்கு வெடித்த பத்தாயிரம் வாலா, களத்துக்குள் புகுந்த காளை, தண்ணி லாரியின் ஹாரன், பிரியாணி தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு. கடைசியதற்கு எழுந்த ஓலம் எல்லாவற்றையும் மிஞ்சியதால் அது மும்முறை, ஸ்லோ மோஷனில் இடம்பெற்றது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

மறுநாள் சாத்தான்குளம் ஜெசி அலுவலகத்துக்கு வந்தாள். கடைசி ரைடில் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பிக் கோப்பையை வென்றவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும் தேர்வுக் குழு அன்று மாலைக்குள் வீடியோ கேட்டிருந்ததாம். எங்கள் ஹைலைட்ஸில் அவள் ஒரே இடத்தில்தான் இருந்தாள்: காளைக்குப் பயந்து ஓடியவர்களில் நான்காவதாக.

"நான் ஜெயிச்சதைக் காணோமே, அண்ணாச்சி."

"நீ ஜெயிக்கும்போது ஒருத்தனும் மூச்சு காட்டலையே, தாயி. சத்தம் இல்லன்னா மெஷினுக்கு அது நடக்கவே இல்ல."

அடுத்த முறை இரண்டு வேன் நிறைய ஆள் கூட்டி வரும்படி யோசனையும் சொன்னார்.

ஜெசி கோபப்படவில்லை. முழுப் பதிவையும் போடச் சொன்னாள். போட்டோம். 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போகிறாள், மூவரைத் தொடுகிறாள், கோட்டைத் தாண்டி வந்து விழுகிறாள். பதினெட்டு விநாடி. அவள் குரலைத் தவிர வேறெதுவும் இல்லை.

"கூட்டம் கத்தாது, அது அவுக ஊரு. ஆனா அதுவரைக்கும் மைக்குல தொண்ட கிழியக் கத்திக்கிட்டிருந்தாரே ஒருத்தரு, அவரு எங்கன போனாரு?"

அண்ணாச்சி மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் மிகுந்த கவனத்துடன் முழுப் பதிவையும் பென்டிரைவில் ஏற்றி ஜெசியிடம் கொடுத்தேன்.

மென்பொருள் அப்பழுக்கற்றது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சொந்த ஊர் தோற்றதைச் சொல்ல மனமில்லாமல் மைக்கை அணைத்தது அது அல்ல, வர்ணனையாளனாகிய நான்.