முதலாளியின் காலடி மண்

சந்தோஷத்தை நாலு பேரிடம் சொன்னால் அது இரண்டு மடங்காகும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னவருக்கு எங்கள் அக்காவைப் போல ஓர் அக்கா இருந்திருக்க வாய்ப்பில்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால்கூட எந்தத் திசையில் கத்தியது என்று விசாரிக்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு நாள் துணிந்து, என் மகள் யாழினி சுவரை விட்டுவிட்டு முதன்முதலாகத் தானே நடந்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். தத்தக்கா பித்தக்கா என்று வந்து என் மடியில் விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஊருக்குக் காட்டாமல் எப்படி இருப்பது?

அன்று இரவே குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் மருந்து எழுதிக் கொடுத்து, "சாயங்காலம் வரைக்கும் பாருங்க. குறையலைன்னா ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். அந்தச் சின்னக் கையில் ஊசியா? எனக்கு அங்கேயே கண்ணைக் கட்டியது. எப்போதும் என் மூக்கைப் பிடித்து இழுப்பவள், தோளில் துணி மாதிரி கிடந்தாள். அழக்கூட இல்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மல்லிகா அக்கா நிற்கிறாள். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா. இங்கே யாராவது தும்மினால் அங்கிருந்து வந்து நிற்பாள். குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள், என்னை முறைத்தாள்.

"போட்டோவை எதுக்குடா ஊருக்கெல்லாம் காட்டின?"

"போட்டோ இல்லக்கா, வீடியோ."

"அது வேறயா? யாரு யாரு இன்னா சொன்னாங்க, சொல்லு."

பெரும்பாலும் கை கூப்பிய பொம்மைகளும் இதயங்களும்தான் வந்திருந்தன. ஒரே ஒருவர் மட்டும் எழுத்தில் அனுப்பியிருந்தார். "குழந்தை ரொம்ப அழகு." அனுப்பியவர் என் முதலாளி.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், நான் அங்கே பில் போடுகிறேன். எங்கள் ஸ்டேட்டஸையெல்லாம் ஒன்று விடாமல் பார்ப்பார். (பாசத்தால் அல்ல. "வயித்து வலி" என்று லீவு போட்டவன் ஏலகிரியில் நிற்கிறானா என்று பார்க்க.) யாரையும், எதையும், ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் ஊரே "அண்ணாமலைக்கு அரோகரா" என்று கண்ணீர் விடும்போது, "போன வருஷம் இன்னும் கொஞ்சம் வெளிச்சமா இருந்துச்சு" என்று சொன்ன மனிதர்.

அக்கா மெல்லக் கேட்டாள். "உன்ன ஒரு நாளாவது நல்லா வேலை செய்யறன்னு சொல்லியிருக்காரா?"

"இல்லக்கா."

"வேற யாரையாவது?"

"இல்ல."

"அப்ப இத்தினி வருஷமா சேத்து வெச்ச கண்ணு மொத்தமும் எம் புள்ள மேலதான் எறங்கியிருக்குது!"

பரிகாரமும் அவளே சொன்னாள். முதலாளி வெறுங்காலால் மிதித்த மண்ணைக் கொஞ்சம் எடுத்து வர வேண்டும். அதோடு காய்ந்த மிளகாய், கல்லுப்பு சேர்த்துக் குழந்தைக்குச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மண் வீட்டில் இருந்தாக வேண்டும். அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பலிக்காது.

என் மனைவி நித்யா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "அண்ணி, பசங்களுக்கு மூடநம்பிக்கை கூடாதுன்னு பாடம் எடுக்கிறவ நான்" என்றாள் கம்பீரமாக. நான் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து காதோரம் சொன்னாள். "கொஞ்சம் ஜாஸ்தியாவே எடுத்துனு வாங்க."

சொல்வது சுலபம். இந்தக் காலத்தில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? கடையில் டைல்ஸ். அவர் வீட்டில் மார்பிள். தெருவில் சிமென்ட். மனிதர் மண்ணை மிதித்தே பல வருஷம் ஆகியிருக்கும். திகைத்து நின்றபோதுதான் அன்று பௌர்ணமி என்று ஞாபகம் வந்தது. பௌர்ணமி தவறாமல் மதியச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி கிரிவலம் போவார், வெறுங்காலோடு.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி அவரைப் பிடித்துவிட்டேன். பிடித்தேன் என்றால், பத்திருபது பேருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். சட்டை இல்லாத உடம்பு, காவி வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ஒரு மாதத்துத் தாடி (பிளேடு வாங்குவது வீண் செலவு என்பது அவர் கொள்கை). யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். நானும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் திரும்பும்போதெல்லாம் குனிந்து கால் விரலை ஆராய்ந்தேன். நடுவே வீட்டுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் டவர் எப்போது கிடைத்தது, அன்று கிடைக்க? குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியதா இறங்கியதா தெரியாது.

நடைபாதை முழுக்கக் கல் பதித்து வைத்திருந்தார்கள். பக்தர்கள் காலில் முள் குத்தக்கூடாதாம். மண் தேவைப்படுகிற குடும்பங்களோடு யாரும் கலந்து பேசவில்லை.

அடி அண்ணாமலை நெருங்கும்போது கடவுள் கண்ணைத் திறந்தார். சாலையோரப் புளியமரத்தடியில் ஓர் இளநீர்க்காரர். முதலாளி பாதையை விட்டு இறங்கி, நல்ல புழுதி மண்ணில் கால் ஊன்றி நின்று, அண்ணாந்து இளநீர் குடிக்க ஆரம்பித்தார்.

பின்னால் போய் உட்கார்ந்தேன். அவர் வலது காலை லேசாக நகர்த்தினார். அந்த இடத்து மண்ணை அள்ளினேன். அள்ளி முடிப்பதற்குள் காலைத் திரும்ப வைத்துவிட்டார், என் விரல்கள் மேலேயே. கத்தவும் முடியாது, இழுக்கவும் முடியாது. கண்ணில் நீர் முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பாதத்தடியில் கிடந்தேன்.

அந்த வழியே போன ஓர் அம்மா இதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருங்க தம்பி இவரு?"

முதலாளி திரும்பிவிடுவாரே என்ற பயத்தில் இன்னொரு கை விரலை உதட்டில் வைத்து, "சத்தம் போடாதீங்கம்மா, தெரியக்கூடாது" என்றேன்.

திருவண்ணாமலையில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அதுதான். இது அழுக்குத் துணியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறவரையெல்லாம் சித்தராக இருக்குமோ என்று பார்க்கிற ஊர். அந்த அம்மா கண்கள் விரிய என் கண்ணீரைப் பார்த்தார், கை மண்ணைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். "மறைஞ்சு வாழற சாமி போலிருக்குது!" என்று சொல்லிக்கொண்டே முதலாளியின் இடது காலடியில் தடாலென்று விழுந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்தார்.

அவர் பின்னால் வந்த குடும்பமும் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு வேன் கூட்டமே வந்துகொண்டிருந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். காலைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். "யோவ்! யாருய்யா காலைப் புடிக்கிறது? வேலை வெட்டி இல்ல உங்களுக்கு? எழுந்து போங்கய்யா!"

"திட்டறாரு! சாமி திட்டறாரு!" என்று ஒருவர் பரவசமானார். "திட்டு வாங்கினா கர்மம் கழியும், நில்லுங்க, எல்லாரும் நில்லுங்க!"

முதலாளி ஆத்திரத்தில் இளநீரைத் தூக்கி எறிந்தார். அதை ஒருவர் தாவிப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரசாதமாம். நான் விரல்களை உருவிக்கொண்டு எழுந்து, "ஐயோ, இவரு பெயிண்ட் கடைக்காரருங்க!" என்று கத்தினேன். "போன ஜென்மத்துல எதுவா இருந்தா இன்னாப்பா?" என்றார் ஒரு பெரியவர் சாந்தமாக.

அப்போதுதான் முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கனவில் வருகிறது. பேச நேரமில்லை. கூட்டம் நெருக்கியது. பின்னாலிருந்தவர்கள் தள்ள, முன்னாலிருந்தவர்கள் எங்கள் மேல் சாய, அவர் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைக் கண்டேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். கூட்டமும் "சாமி, சாமி" என்று பின்னால் ஓடி வந்தது. சித்தர்கள் குகைக்குள் மறைவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் சித்தர் கட்டணக் கழிப்பறைக்குள் மறைந்தார். கதவைத் தாழிட்டது நான்.

உள்ளே இருட்டு, நாற்றம், இரண்டு பேர் மூச்சு. என் உள்ளங்கையைத் திறந்து பார்த்தேன். ஓடியதில் மண் எல்லாம் கொட்டிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"எதுக்குடா மண்ண அள்ளின?" என்றார்.

எப்படிச் சொல்வது? நீங்கள் என் குழந்தை மேல் கண் வைத்துவிட்டீர்கள் என்று சம்பளம் தருகிறவரிடம், அதுவும் கழிப்பறையில் வைத்து, எப்படிச் சொல்வது? வேலை போனது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் காய்ச்சலைச் சொன்னேன், அக்கா சொன்னதைச் சொன்னேன், சாயங்காலம் ரத்தம் எடுப்பார்கள் என்பதையும் சொன்னேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "எம் மருமவ நான் போறப்பல்லாம் பேரனுக்குக் கன்னத்துல இத்தாம் பெரிசு மை வெச்சுத்தான் தூக்கினு வருது. அது அவங்க வழக்கம் போலிருக்குதுன்னு நெனச்சேன். இப்பதான் புரியுது" என்றார்.

வெளியே சத்தம் அடங்கியதும் கதவைத் திறந்தோம். முதலாளி நேராகக் கழிப்பறைக்குப் பின்புறம் மண் தரைக்குப் போனார். இரண்டு காலாலும் திம் திம்மென்று மிதித்தார். "எடு. ரெண்டு கால்லயும் எடு. என் கண்ணுக்கு ஒண்ணு பத்தாது." தன் தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து அவரே முடிந்து கொடுத்தார். "நாளைக்கு வேலைக்கு வரவேணாம்" என்றார். எனக்கு மூச்சு நின்றது. "குழந்தைகூட இரு. நாளன்னிக்கு வந்தா போதும்."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் விழுந்தடித்து நுழைந்தேன். யாழினி நித்யாவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஈறில் அரிசி மாதிரி ஒரு பல் எட்டிப் பார்த்தது. காய்ச்சல் மதியமே இறங்கிவிட்டதாம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நீ மண்ணைத் தொட்ட நேரம்டா அது" என்றாள் அக்கா. (அப்போது நான் செங்கம் ரோட்டில் கால் விரலை ஆராய்ந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.) இருந்தாலும் சுற்றிப் போட்டாள். மிளகாய் கொஞ்சமும் நெடி அடிக்காமல் கருகியது. "பாத்தியா, எம்மாம் கண்ணு!" என்றாள். அறிவியல் டீச்சர் மறுத்துப் பேசவில்லை.

சில வாரம் கழித்து யாழினிக்கு முதல் பிறந்தநாள். முதலாளி வந்தார். வாசலில் தலை தெரிந்ததுமே அக்காவின் கை மைச் சிமிழைத் தேடியது. பட்டுப் பாவாடையில் தளிர்நடை போட்டு வந்த குழந்தை அவர் வேட்டியைப் பிடித்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தது. அவர் கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், எச்சில் விழுங்கினார்.

"புள்ள சுமாராத்தான் இருக்குது" என்றார்.

அக்கா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் பந்தியில் முதல் இலையை அவருக்குப் போட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. குழம்பு வாய்க்கு ருசியாக இருந்தால் சுமார். நித்யா புதுப் புடவை கட்டினால் சுமார். போன மாதம் யாழினி பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். கோப்பையோடு நேராகப் பெயிண்ட் கடைக்கு ஓடி, "தாத்தா, நான் எப்டி?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அவளை ஏற இறங்கப் பார்த்து, "ரொம்ப சுமாரு" என்றார். ரொம்பவே சொல்லிவிட்டார் என்று குழந்தை கடையெல்லாம் குதித்தாள்.