முன்மண்டை செல், பின்மண்டை செல்

பிள்ளையின் தலையை உருட்டவிடாமல் தடுத்தது சரிதானா? என் மகனுக்கு நான்கு வயதாகிவிட்டது. எனக்கு இன்னும் பதில் தெரியாது.

அவன் பிறந்தபோது குளிப்பாட்டுவதற்காகவே சங்கராபுரத்திலிருந்து கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் என் கணவரின் அக்கா. (எனக்கு அண்ணி. அவர் தெருவில் பாதிப் பிள்ளைகளின் மண்டை அவர் கைவண்ணம்.) காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு, எண்ணெயும் பயத்தமாவும் தேய்த்து, தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி உருட்டுவார்.

"கோணிக்கினு கீதுடி. இப்ப உருட்டலன்னா, பொண்ணு பாக்கப் போறப்ப உன்னதான் திட்டுவான்."

நான் விலங்கியல் படித்தவள். படிப்பு வேலை வாங்கித் தரவில்லை. பயத்தை மட்டும் தாராளமாகத் தந்தது. அன்று காலை பால் கொடுத்தபடியே கைப்பேசியில் மூளையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் நட்சத்திர வடிவ செல்களுக்கு அஸ்ட்ரோசைட் என்று பெயர். அவை மூளை முழுக்க ஒரே மாதிரி இல்லையாம். முன்மண்டைப் பெருமூளையில் புதர்போல் கிளைத்தவை, பின்மண்டைச் சிறுமூளையில் நீண்ட நார் விட்டவை. இடத்துக்கு ஏற்ற வேலை. கைக்குழந்தைக்கு அவை இன்னும் வளர்ந்துகொண்டிருக்குமாம். அதற்குள் பிள்ளை தூங்கிவிட்டான். மீதியைப் படிக்கவில்லை.

குளியலில் அண்ணியின் கை நெற்றியிலிருந்து பின்மண்டைக்கு வழித்தது. முன்னால் இருக்கவேண்டிய செல்லெல்லாம் என் கண்ணெதிரே பின்னால் போய்க்கொண்டிருந்தது. வீறிட்டு அழுத பிள்ளை திடீரென்று அமைதியானான். (வெந்நீர் இதமாக இருந்திருக்கும். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.) பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி, கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் பயத்தமாவு காய்ந்து அவன் தலையில் வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பையும் மண்டையோடு என்றே நம்பினேன்.

டாக்டரம்மா உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அஸ்ட்ரோசைட் இடம் மாறியிருக்குமா என்று கேட்டேன்.

"அது பொறந்த எடத்த வுட்டு அவ்ளோ தூரம் போவாதும்மா. நீங்கதான் ஒத்தச் செருப்போட இவ்ளோ தூரம் வந்துட்டீங்க."

(படிக்காமல் விட்ட மீதியிலும் அதுதான் இருந்தது.) ஆனால் தலையை அழுத்த வேண்டாம், தானாகவே சரியாகும் என்றார்.

அன்றோடு அண்ணி உருட்டுவதை விட்டார், பேச்சை விடவில்லை. மகன் செருப்பை மாற்றிப் போட்டால்கூட, "முன்மண்ட செல்லு பின்னால பூடுச்சி பாரு, உங்கம்மாவ பஸ் ஏறச் சொல்லு" என்பார்.

அவனுக்குப் பின்மண்டை இடதுபக்கம் கொஞ்சம் தட்டை. தூங்கும்போது தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். அண்ணி எண்ணெய் ஆட்டி வைத்துவிட்டாராம். இந்த முறையும் உருட்டவிடமாட்டேன், அது உறுதி. (கிட்டத்தட்ட.) அவர் மனம் நோகாமல் அதை எப்படிச் சொல்வது? சொல்லிப் பிழைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், பிள்ளை பிறப்பதற்குள்.