பதினாறு அங்குலச் சக்கரம்

"இருபது அங்குலச் சக்கரம் சார். மடிச்சாலும் சீட்டுக்கு அடியில போகாது. இறங்குங்க," என்றார் டிக்கெட் பரிசோதகர்.

வரைபடம் போடும் வேலை பார்க்கும் வரைவாளர் இறங்கினார். ரயில் போய்விட்டது. மலையடிவார ஆஸ்பத்திரிக்கு ஒரு வருட மாற்றலில் போன மனைவியை முதன்முதலாகப் பார்க்கக் கிளம்பியவர், மடக்குச் சைக்கிளோடு பிளாட்பாரத்தில் நின்றார். ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிவரை மேடு என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னதற்குத்தான் இந்தச் சைக்கிள். காகிதத்தில் கோடு போட்டுப் பார்க்காமல் எதிலும் இறங்காத மனிதர்.

"சும்மா கையை வீசிக்கிட்டு வாங்களேன். பேசிக்கிட்டே ஏறலாம்," என்றாள் போனில்.

"மூச்சிரைக்க வந்து நின்னா உன் கூட வேலை பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? அடுத்த ஞாயிறு வந்துடறேன்."

சைக்கிள் கடைக்காரர் பதினாறு அங்குல வண்டியாக மாற்றிக் கொடுத்தார். மடித்தால் கைக்கு அடக்கம். ஓட்டினால் தையல் மெஷின். கால் பறந்தது, வண்டி நகரவில்லை. தெருநாய் ஒன்று துரத்தக் கிளம்பி, பாவம் பார்த்துக் கூடவே நடந்து வந்தது.

"சின்னச் சக்கரம் சார், ஒரு மிதிக்குக் கொஞ்ச தூரம்தான் உருளும்," என்றார் கடைக்காரர். " முன்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிசாக்கிடுவோம்."

பெரிதாக்கினார்கள். சமதரையில் பறந்த வண்டி மேம்பாலத்தில் நின்றுவிட்டது. பெடல்மேல் ஏறி நின்றும் அசையவில்லை. "தள்ளி விடட்டுமா பெரியவரே?" என்றார் பின்னால் வந்த லாரிக்காரர்.

"அப்ப பின்னால ஏழு கியர் போட்டுருவோம் சார்."

போட்டார்கள். மேடு ஏறியது. மடிக்கும்போது கியர் குறுக்கே முட்டி, வண்டி பாதியில் வாய் பிளந்து நின்றது.

"ஏங்க, சைக்கிளைப் பத்தி நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மனைவி.

"இரு, பல்லுக் கணக்கைச் சொல்லி முடிச்சிடறேன்."

அவர் முடிப்பதற்குள் அவளுக்கு டூட்டி நேரம் வந்துவிட்டது. "சரி, வந்தே பாருங்க."

மாதங்கள் ஓடின. "இந்த ஞாயிறாவது...?" என்று இழுப்பவள், பிறகு அதையும் கேட்பதில்லை. தனியாகச் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும்போது, நடந்தே போயிருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றும். உடனே பென்சிலைச் சீவ உட்கார்ந்துவிடுவார்.

கடைசியில், அச்சைச் சுற்றியுள்ள நடுக் குடத்துக்குள்ளேயே மூன்று கியர் அடங்கிய பின்சக்கரம் வந்து சேர்ந்தது. வண்டி ஏறியது, மடிந்தது, சீட்டுக்கு அடியிலும் போயிற்று. அவள் மாற்றல் முடிய ஒரு வாரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் இறங்கினார். ஸ்டேஷன் வாசலில், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் பார்க்கட்டும் என்றே வண்டியை ஒரே இழுப்பில் விரித்தார்.

"ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம்? வெளியூர் நர்ஸம்மா இருக்காங்களே, அவங்க வீட்டுக்காரர் நான்."

ஸ்டாண்டுக்காரர் மூலையில் நின்ற பெரிய சைக்கிளின்மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். பளபளவென்று இருந்தது.

"நீங்கதானா சார் அது? இங்க வந்த மாசமே உங்களுக்குன்னு இதை வாங்கி நிறுத்திட்டு, சனிக்கிழமை தவறாம வந்து காத்தடிச்சு வெப்பாங்க. நேத்துதான் முதல் தடவையா வரல."